தம்பிகிட்ட இருக்கிறதவிடப் பெருசு

இப்படி வந்து உக்காருங்க சார், ஃபேன் காத்து இந்தப் பெஞ்சுக்குத்தான் வரும். கடைக்காரரு சாப்பிடப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. நீங்களும் ஜெனரேட்டர் பாக்கத்தானே வந்தீங்க? எந்தூரு, மதுக்கூர் பக்கமா? அங்கயும் இந்தப் புயலு போட்டுப் பொரட்டி எடுத்துருச்சுன்னாங்க. நமக்குப் பட்டுக்கோட்டைக்குத் தெக்க. புயலுக்கப்புறம் இந்தக் கடையில நிக்க எடமில்ல. வர்றான், பாக்குறான், வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுறான். நான் ஆனி மாசத்துலேருந்து வந்துக்கிட்டிருக்கேன். முன்னயெல்லாம் வந்தா டீ சொல்லுவாரு. இப்ப சொல்றதில்ல.

நான் ஒண்ணும் சாமான் வாங்கத் தெரியாதவன் இல்ல, அத முதல்ல சொல்லிப்புடுறேன். தோப்புக்கு மோட்டார் வாங்கியிருக்கேன், மருந்தடிக்கிற மிஷின் வாங்கியிருக்கேன். வைரக்கண்ணு பாத்து எடுத்தா தப்பா இருக்காதுன்னு ஊர்ல பத்துப் பேரு என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி வாங்குவான். ஆனா இது வேற கத. இதுல ஆயிரம் இருக்கு. யாருக்குச் சொன்னாலும் புரிய மாட்டேங்குது.

எம் பொண்டாட்டி பேரு தையல்நாயகி. ரொம்ப வருசமா இழுப்பு. போன கோடையில தஞ்சாவூர்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டுனோம். நுரையீரல் சுருங்கிப் போச்சு, இனிமே வீட்டுலயே காத்து மிஷின் வெச்சுக்கணும்னுட்டாரு. ஆக்சிஜன் மிஷின். தண்ணிக் கேன் மாதிரி குபுகுபுன்னு பொங்கிக்கிட்டே இருக்கும், அதுலேருந்து ஒரு குழா மூக்குக்கு. கரண்டுல ஓடுறது. கரண்டு நின்னா அதுவும் நின்னுரும். அவசரத்துக்குப் பக்கத்துல ஒரு சிலிண்டர் வெச்சுக்கங்க, ஆனா அத நம்பாதீங்க, மழக்காலத்துக்குள்ள ஒரு ஜெனரேட்டர் வாங்கிருங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நானும் சரின்னேன். மறுநாளே இந்தக் கடைக்கு வந்தேன். யாராவது நான் அக்கறையில்லாதவன்னு சொன்னா நம்பாதீங்க. மறுநாளே வந்தேன்.

என்ன மாதிரி வேணும்னாரு கடைக்காரரு. நான் பட்டுன்னு சொன்னேன், "எந் தம்பிகிட்ட இருக்கிறதவிடப் பெருசு."

சிரிக்காதீங்க. இதச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எந் தம்பி நாடிமுத்து பக்கத்து வீடுதான். பக்கத்து வீடுன்னா, ஒரே வீடு. எங்கப்பா கட்டுன வீட்ட, முத்தத்தையும் சேத்து, நடுவுல சுவரு வெச்சு ரெண்டாப் பிரிச்சிருக்கு. பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும்பாங்க, நான் பதம் பாக்காம வெட்டிப்புட்டேன். எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல, பெரியவன் பங்கு வைப்பான், சின்னவன் எடுத்துக்குவான். நான் கெணறு இருக்கிற பக்கத்தத்தான் அவன் எடுப்பான்னு நெனச்சு, கெணத்துப் பக்கத்தக் கொஞ்சம் ஒடுக்கி, மத்தப் பக்கத்த எனக்குன்னு அகலமா விட்டு நூல் புடிச்சேன். அவன் என்னடான்னா அகலமான பக்கத்துல போயி நின்னுக்கிட்டான். மீட்டர் பெட்டி அங்க இருந்துச்சு சார். மொத்த வீட்டுக்குமான கரண்டு அவன் பக்கம் போயிருச்சு.

வந்து என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே, உனக்குப் புது லைன் வர்ற வரைக்கும் நம்ம லைன்லயே ஓட்டிக்க." நம்ம லைனாம். எவ்வளவு திமிரு பாருங்க. வேண்டாம்டான்னு அவன் கண்ணு முன்னாடியே ஒயரப் புடுங்கி எறிஞ்சேன். எனக்கு லைன் வர்ற வரைக்கும் அரிக்கேன் வெளக்குதான். அன்னையிலேருந்து பேச்சு வார்த்த கெடையாது. எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பக்கம் யாரோடயும் மூச்சுக் காட்டக் கூடாதுன்னு. அவ பேசல. அந்த விசயத்துல தங்கமானவ. அவ எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப நாடிமுத்து அரக்கால் சட்ட. எங்கம்மா படுத்த படுக்க. இவதான் அவனுக்குத் தலைக்கு ஊத்தி, சோத்த உருட்டிக் கையில வெச்சு வளத்தா. அப்படி வளத்தவ, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக இத்தன வருசம் அவன் மொகத்தப் பாத்துப் பேசலன்னா பாத்துக்கங்க. அந்த மாதிரிப் பொம்பள கெடைக்காது.

போன வருசம் அவன் ஜெனரேட்டர் வாங்குனான். செவப்புக் கலரு. எங்க ரெண்டு வாசலுக்கும் நடுவுல, தெருவே பாக்குற மாதிரி எறக்குனான். அதுக்கப்புறம் நான் அவன்துவிடச் சின்னதா ஒண்ணு வாங்கி வெச்சா என்ன ஆகும்? ஊர் வாய மூட ஒலமூடி இருக்கா? "பெரியவரு தம்பியப் பாத்து வாங்கியிருக்காரு, ஆனா கையிருப்பு பத்தல போல"ம்பான். கடைக்காரரு என்னமோ, "அந்தக் காத்து மிஷினுக்குச் சின்னதே போதுங்க, இந்தா இந்த சூட்கேஸ் மாதிரி இருக்கு பாருங்க, கையில தூக்கிட்டுப் போயிரலாம்"னாரு. சூட்கேஸத் தூக்கிக்கிட்டு அவன் வாசல் வழியா நான் போகணுமாம்.

சரி, பெருசாப் பாப்போம்னு பாத்தேன். டீசல்ல ஒண்ணு இருந்துச்சு, நல்ல கனம். ஆனா அதே கம்பெனி, அதே செவப்பு. அவனப் பாத்து அடிச்ச காப்பின்னு ஆயிருமேன்னு விட்டேன். பச்சையில வர வெக்கிறேன்னாரு. பச்ச வந்துச்சு, பாத்தா பவர்ல அவன்துவிட ஒரு புள்ளி கம்மி. அப்புறம் திருச்சிக்குப் போயிப் பாத்தேன். அங்க நெசமாலுமே பெருசு இருந்துச்சு, கல்யாண மண்டபத்துக்கு ஓட்டுறது. அத எறக்க எம் பக்கத்துச் சந்துல லாரி நொழையாது. அவன் பக்கத்து வாசல்ல நிறுத்தித்தான் எறக்கணும். அவன்கிட்ட போயி நான் வழி கேக்கவா?

அதுக்குள்ள மனையடி பாக்குறவரு ஒருத்தரு வந்தாரு. நெருப்பு சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் அக்னி மூலையிலதான் வெக்கணும், இல்லன்னா வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதுன்னாரு. பொம்பளைக்கு ஆகாதுன்னு சொன்னப்புறம் நான் அத மீற முடியுமா? அவளுக்காகத்தானே வாங்குறதே. நானும் வீட்டச் சுத்திச் சுத்தி வந்து பாத்தேன். மொத்த வீட்டோட அக்னி மூலை நாடிமுத்து பாகத்துல போயிருச்சு. எம் பாகத்துக்குன்னு தனியா மூலை பாத்தா, அது நடுச்சுவர ஒட்டி, அவன் ஜன்னலுக்கு நேரா கெடக்கு. பொகை உள்ள போனா சண்டைக்கு வருவான். வராம பொறுத்துப் போனான்னா அது இன்னும் கேவலம். அவன் பொறுத்துக்கிட்ட காத்துலயா எம் பொண்டாட்டி மூச்சு விடணும்?

இதெல்லாம் நான் வந்து வந்து அவகிட்ட சொல்லுவேன். கட்டில்ல ஒக்காந்து குழாய மூக்குல மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் கேப்பா. ஒரு நா மட்டும், "ஏங்க, எனக்கு எது போதுமோ அது போதும்ங்க"ன்னா. நீ சும்மா இரு, உனக்கு இதெல்லாம் வெளங்காதுன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. ஓசூர்லேருந்து பொண்ணு போன் பண்ணிக் கத்துனா. "அப்பா, ஆன்லைன்ல நானே போட்டு விடவா?" அவ போட்டா சின்னதாப் போடுவா. நான் பாத்துக்குறேன்டா கண்ணுன்னு வெச்சுட்டேன்.

அப்புறம் புயல் வந்துச்சு. அத நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்களும் பட்டவருதான். தோப்புல பாதி மரம் தலையத் தரையில வெச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. ஓடு பறந்துருச்சு. கம்பமெல்லாம் முறிஞ்சு தெருவுக்குக் குறுக்க. அந்த மரத்துக்கெல்லாம் நான் அழல சார். விடிஞ்சு பாத்தா இவளுக்கு மிஷின் நின்னு கெடக்கு, சிலிண்டர்ல ஓடிக்கிட்டிருக்கு, அதோட முள்ளு பாதிக்குக் கீழ எறங்கிருச்சு.

அந்த நேரம் பாத்து சுவத்துக்கு அந்தப் பக்கம் அவன் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆச்சு. அவம் பொண்டாட்டி இளஞ்சியம் குரல் குடுக்குது, "அக்கா, ஒயரு போட்டிருக்கேன், மிஷினச் சொருகிக்கங்க." பாத்தா சுவத்து மேல ஒரு நீள ஒயரு, முனையில பிளக் பெட்டி, மழையில நனையாம பாலித்தீன் பையச் சுத்தி, எங்க பக்கம் தொங்குது. எப்படியிருக்கும் எனக்கு? அன்னிக்குப் புடுங்கி எறிஞ்ச அதே கரண்டு. இத்தன வருசம் கழிச்சு, எம் பொண்டாட்டி மூச்ச சாக்கா வெச்சு, சுவரு ஏறி உள்ள வருது.

நான் ஒண்ணும் அசிங்கமாப் பேசல. ஒயரப் பதவிசாச் சுத்தினேன், பை கிழியாம சுத்தி, அந்தப் பக்கமே எறக்கி விட்டேன். அவ கட்டில்லேருந்து பாத்துக்கிட்டிருந்தா. பேசுறதுக்கு அவளுக்கு மூச்சு பத்தாது. "கவலப்படாத தையலு, ஒரு மணி நேரத்துல வாடகைக்கு வண்டியோட ஜெனரேட்டர் கொண்டாறேன். அவன்து என்னா பெருசு, நான் கொண்டாறது அவன்த மாதிரி நாலு இருக்கும்"னு சொல்லிட்டுக் கெளம்புனேன். அப்பவும் தலைய ஆட்டுனா.

நான் அலைஞ்சது எங்க சாமி நாடியம்மாளுக்குத்தான் தெரியும். ரோடு பூரா மரம். எஞ் சைக்கிள மரத்துக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் வெச்சு, திரும்ப ஏறி, திரும்ப தூக்கி. பந்தல்காரர் வீட்டுக்குப் போனா, அவருகிட்ட இருந்த ரெண்டையும் தண்ணித் தொட்டிக்கு மோட்டார் ஓட்டப் பஞ்சாயத்துல தூக்கிட்டுப் போயிட்டாங்க. சவுண்டு சர்வீஸ்காரன் சின்னது ஒண்ணு இருக்குன்னான். கைக்கு அடக்கமா, இங்க இவரு காட்டுனாரே, அதே சூட்கேஸ் சைசு. பெட்ரோலோட தர்றேன்னான்.

ஏன் வாங்கிட்டுப் போகலன்னு நீங்களும் கேக்குறீங்க. பொண்ணும் அதத்தான் கேக்குது. ஒயரத் திருப்பி எறக்கி விட்டுட்டு, நாலு மடங்கு கொண்டாறேன்னு சொல்லிட்டு, சூட்கேஸத் தூக்கிக்கிட்டு எப்படி சார் போறது? பக்கத்து ஊர்ல ஒருத்தன்கிட்ட பெருசு இருக்குன்னாங்க, அங்க போனேன். அவன் இன்னொரு ஊரச் சொன்னான். பொழுது சாயறப்ப ஒருத்தன் கெடச்சான், நாளைக்குக் காலையில ரோட்டுல கெடக்குற மரத்த வெட்டுனதும் வண்டிய அனுப்புறேன்னு சத்தியம் பண்ணுனான். அந்தச் சந்தோசத்தோட வந்தேன்.

வீட்டுல கட்டில் மட்டும் கெடந்துச்சு.

மிஷின் இல்ல. குழா இல்ல. அவ இல்ல. சிலிண்டர் மட்டும் ஓரமாச் சாஞ்சு கெடக்கு, முள்ளு அடியில போயி நிக்குது. போயிட்டாளான்னு நெனச்சு அப்படியே தரையில ஒக்காந்துட்டேன். அப்புறந்தான் சுவத்து வழியாக் கேட்டுச்சு. ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல, குபுகுபு, குபுகுபுன்னு. அவ மிஷினு. அந்தப் பக்கம் ஓடுது. அந்தச் சத்தத்தக் கேட்டு நான் சந்தோசப்பட்டேனா வயித்தெரிச்சல் பட்டேனா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. சுவத்துல காத வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.

தெருவுல சொன்னாங்க. நாடிமுத்து உள்ள வந்து, "அண்ணி, வா போலாம்"னானாம். இவ அவங் கழுத்தக் கட்டிக்கிட்டாளாம். புள்ளையத் தூக்குற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுத் தெருவழியாப் போனானாம், மழையில. அவன் அழுதுக்கிட்டே போனான்னு ஒருத்தி சொல்றா. நாடகம், வேறென்ன. ஊரு பாக்கட்டும்னு. சுவரு ஏறிக் குதிச்சா யாரு பாப்பா?

மறுநாள் பெரிய ஜெனரேட்டர் வண்டி வந்துச்சு சார், அந்த வாடகைக்காரன் சத்தியத்தக் காப்பாத்திட்டான். வந்து தெருவுல நின்னுச்சு. ஓட்டவான்னான். எதுக்கு ஓட்ட? திருப்பி அனுப்பிட்டேன்.

இப்ப கரண்டு வந்து எவ்வளவு நாளாச்சு. கம்பமெல்லாம் நட்டு, லைன் இழுத்து, தெருவெளக்கு எரியுது. அவ வரல. நாளைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு கட்டில் விரிப்ப ஒதறிப் போட்டு வெக்கிறேன். அன்னிக்குக் காத்துப் பத்தாம நீலம் பாஞ்ச வெரலெல்லாம் இப்ப தேவலாம்னு டாக்டரு சொன்னாராம். நாடிமுத்துதான் காருல கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தானாம். சொல்றாங்க.

சாப்பாட்டுக்கு என்னா பண்றேன்னு கேளுங்க. மத்தியானம் ஆனா சுவத்து மேல ஒரு சோத்துத் தூக்குச்சட்டி வந்து ஒக்காந்துருக்கும். யாரு வெக்கிறது, எப்ப வெக்கிறதுன்னு நான் பாக்குறதில்ல. சோத்துல என்னா பகை. எனக்கு பிரஷர், உப்பு ஆகாது. அந்தக் கொழம்புல உப்பு அளவா, எனக்குன்னு போட்ட மாதிரி இருக்கும். எங்க வீட்டுல உப்பு எவ்வளவுன்னு இளஞ்சியத்துக்கு எப்படித் தெரியும்? இவதான் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுக்குறா. அதனால அது எம் பொண்டாட்டி சோறுதானே, நீங்களே சொல்லுங்க. சாப்புட்டுச் சட்டியக் கழுவி அதே எடத்துல வெச்சுருவேன்.

சாயந்தரம் ஆனா அந்தப் பக்கம் மூணு பேரும் பேசிக்கிட்டிருப்பாங்க. சொல்லு புரியாது, குரலு மட்டும் வரும். நம்ம வீட்டுல அவ இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. மூச்சு எடம் குடுக்குது போல. ஒரு நா சிரிச்சா. அவ சிரிப்பு எனக்கு மறந்தே போயிருந்துச்சு, வேற யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நெனச்சேன்.

நேத்து மானத்த விட்டுட்டுப் போனேன். அவன் வாசப்படிய மிதிக்கல, தெருவுலதான் நின்னேன். இளஞ்சியம் வெளிய வந்துச்சு. "உள்ள வாங்க மாமா. அக்கா முழிச்சுத்தான் இருக்காங்க." நாடிமுத்து உள்ளேருந்து எந்திரிச்சு வந்து கதவு பக்கத்துல நின்னான். "வாண்ணே"ன்னான். அவனுக்கும் நரைச்சுப் போச்சு. நான் அவனப் பாக்கல. ஜன்னலப் பாத்துத்தான் பேசுனேன்.

"தையலு, நாளைக்கு ஜெனரேட்டர் வாங்கப் போறேன். இந்த வாட்டி எடுத்துருவேன், சத்தியமா. அவன்துவிடப் பெருசு. வந்துரு."

குபுகுபுன்னு மிஷின் மட்டும் கேக்குது. அப்புறம் மெதுவாச் சொன்னா, ஒவ்வொரு சொல்லா நிறுத்தி. "வாங்குங்க. வாங்கி ஓட்டுங்க. சத்தம் கேட்டுச்சுன்னா, நீங்க நல்லா இருக்கீங்கன்னு நான் தெரிஞ்சுக்குவேன்."

வர்றேன்னு சொல்லல. ஆனா வரமாட்டேன்னும் சொல்லலையே. நீங்க வெளியாளு, நீங்க சொல்லுங்க, அதுக்கு என்னா அர்த்தம்? ராத்திரி பூரா அதத்தான் பெரட்டிப் பெரட்டிப் பாத்தேன். நான் நல்லா இருக்கேனான்னு அவளுக்குத் தெரியணும்னு இருக்கு பாருங்க. அது போதும் எனக்கு. கோவம் இருந்தா அதக் கேப்பாளா?

அதான் காலையில மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன். கடைக்காரரு இந்த வாட்டி புதுசா ஒரு கேள்வி கேட்டாரு. "அது சரிங்க ஐயா, இப்ப வீட்டுல என்னென்ன ஓடணும்?" நான் சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு லைட்டு. ஒரு ஃபேனு. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் வரல. மிக்ஸி அவதான் போடுவா. டிவி அவதான் பாப்பா. காத்து மிஷின் அங்க இருக்கு.

"லைட்டுக்கும் ஃபேனுக்கும் எதுக்குங்க ஜெனரேட்டரு? ஒரு இன்வெர்ட்டர் மாட்டிக்கங்க. மூலையில கெடக்கும், இருக்கிறதே தெரியாது, பொட்டுச் சத்தம் வராது"ன்னாரு. பெருமையாச் சொல்றாரு. இங்க இருக்கிற ஜெனரேட்டர்கூட எல்லாம் இப்ப மூடி போட்டதுதானாம், சத்தம் கம்மி பண்ணித்தான் வருதாம். நான் சொன்னேன், எனக்கு அது வேண்டாங்க, சத்தம் வரணும், நல்லா வரணும், ஒரு சுவரு தாண்டிக் கேக்கணும்னேன். அவரு என்னய ஒரு மாதிரியாப் பாத்தாரு. பழைய மாடல் எங்கயாவது கெடக்கான்னு கேட்டுச் சொல்றேன்னு சாப்பிடப் போயிட்டாரு. கெடச்சா கரண்டு இருக்கும்போதே ஓட்டுவேன் சார். தெனமும் சாயந்தரம் ஓட்டுவேன். அவ கேக்கட்டும்.

அந்தா வர்றாரு, எந்திரிங்க. இல்ல இல்ல, நீங்க மொதல்ல பாருங்க. உங்களுக்கு வீட்டுல ஆளு காத்துக்கிட்டிருக்கும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.